பெட்ரோலில் கரும்பு

2003 ஜனவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட 9 மாநிலங்களில் பெட்ரோலோடு 5 சதவீதம் எத்தனால் கலக்க ஆரம்பித்தார்கள். நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்? வறட்சியில் கரும்பு குறைந்ததும் 2004இல் கட்டாயம் தளர்ந்தது. அமெரிக்காவில் எத்தனால் மிகுதியாகக் கலந்த எரிபொருளில், பனிக்காலத்தில் வண்டி கிளம்பச் சிரமப்படும் என்று எத்தனாலைக் குறைப்பார்கள். இங்கே அப்போது கரும்பு விளைச்சலைப் பார்த்துத்தான் ஏற்ற இறக்கம் இருந்தது.

2022இல் 10 சதவீதம், 2025இல் 20. நமக்குப் பனி இல்லை, ஐப்பசி மழை உண்டு. எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் மிஞ்சினால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். போன மழையில் லஸ் முனையில் என் பழைய மாருதி 800 நின்றுவிட்டது. டாக்டரிடம் போக வேண்டிய மனைவி நனைந்துகொண்டே ஆட்டோ ஏறினாள். மெக்கானிக் டேங்கை வடித்தபோது அடியில் ஒரு டம்ளர் கலங்கல் தண்ணீர். ஊறிப்போன ரப்பர் குழாயையும் மாற்றினார். இப்போதெல்லாம் மழை மாதங்களில் டேங்கைப் பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை.