வணிகத்திற்கும் ஒரு நிய்யத் உண்டு

 

நம் மஹல்லாவில் வணிகத்தோடு தொடர்பில்லாத குடும்பம் அரிது. ஒருவர் கடை வைத்திருக்கிறார். ஒருவர் கடையில் வேலை பார்க்கிறார். மற்றொருவர் வளைகுடா நாட்டில் ஏதேனும் ஒரு நிறுவனத்தில் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்புகிறார். ஆகவே 'வணிகம் எதற்காக?' என்னும் கேள்வி நம் ஒவ்வொரு வீட்டிற்கும் உரிய கேள்வியாகும். 'லாபத்திற்காக' என்பதே உடனே வரும் விடை. அது தவறான விடையன்று. ஹலாலான லாபத்தை மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால் அது முழுமையான விடையும் அன்று.

'முதலில் லாபம் வரட்டும்; பிறகு ஜகாத்தும் ஸதகாவும் தாராளமாகக் கொடுப்போம்' என்று சிலர் கூறுவர். ஜகாத் கடமை என்பதில் ஐயமில்லை. ஆனால் அது பொருள் சேர்ந்த பின்னர் வருவது. நிய்யத்தோ செயலுக்கு முன்னர் வருவது. தொழுகைக்கும் நோன்பிற்கும் நிய்யத் வைக்கும் நாம், காலையில் கடையைத் திறக்கும்போது என்ன நிய்யத்துடன் திறக்கிறோம்?

ரூமா கிணறு

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த முஸ்லிம்களுக்கு நல்ல குடிநீர் எளிதில் கிடைக்கவில்லை. ரூமா என்னும் கிணற்றின் நீர் விலைக்கு விற்கப்பட்டு வந்தது. அதை வாங்கி மக்களுக்குப் பொதுவாக்குமாறு நபி (ஸல்) அவர்கள் ஆர்வமூட்டியபோது, பெரும் வணிகராகிய உஸ்மான் (ரலி) அவர்கள் முன்வந்து வாங்கி, ஏழை, செல்வர், வழிப்போக்கர் அனைவருக்கும் உரியதாக ஆக்கினார்கள். தாகமுள்ள ஊரில் ஒரு கிணறு எவ்வளவு வருமானம் தரும் என்பதை அறியாதவரல்லர் அவர்கள். அறிந்தே கைவிட்டார்கள். வணிகத்தில் விற்கத்தக்கது எது, விற்கத்தகாதது எது என்று பிரித்தறிவதே நிய்யத்தின் முதற்பாடம்.

இனி, இரண்டு கம்பெனிகளின் வரலாற்றைக் காண்போம். ஒன்று நம் குளச்சல் கரைக்கு வந்தது. மற்றொன்று அருகிலுள்ள தூத்துக்குடியில் பிறந்தது.

குளச்சலுக்கு வந்த கம்பெனி

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. மிளகு, ஜாதிக்காய், கிராம்பு ஆகியவற்றின் வாணிபம் முழுவதையும் தன் கைக்குள் அடக்கி, பங்குதாரர்களுக்கு லாபம் ஈட்டித் தருவதே அதன் நோக்கம். இன்று நம் மாவட்டத்துத் தோட்டங்களிலும் விளைகின்ற ஜாதிக்காய்க்காக, 1621-ஆம் ஆண்டில் அக்கம்பெனி பண்டா தீவு மக்களைக் கொன்று குவித்தது. எஞ்சியோரில் பலரை அடிமைகளாக்கியது. நம் கடற்கரையிலும், மிளகைத் தனக்கே விற்கவேண்டும், தான் சொல்லும் விலைக்கே விற்கவேண்டும் என்று அது வற்புறுத்தியது.

1741-ஆம் ஆண்டு குளச்சலில் இறங்கிய டச்சுப் படையை மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை முறியடித்தது. கடலோர மக்கள் அதற்குத் துணை நின்றனர். சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாய் பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சியளித்தார். அவரது கல்லறை உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. குளச்சலில் வெற்றித் தூண் நிற்கிறது. இரு நூற்றாண்டுக் காலம் கடல்களை ஆண்ட அந்தக் கம்பெனி, கடனில் மூழ்கி 1799-ஆம் ஆண்டோடு முடிவுற்றது. லாபம் ஒன்றையே நிய்யத்தாகக் கொண்டது இறுதியில் லாபத்தையும் இழந்தது.

தூத்துக்குடியில் பிறந்த கம்பெனி

1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், வ.உ.சிதம்பரம் பிள்ளை அவர்களின் பெருமுயற்சியால் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். செயலாளராக விளங்கிய ஹாஜி முகம்மது பக்கீர் சேட் அவர்கள் 8,000 பங்குகளை வாங்கி 2 லட்சம் ரூபாய் செலுத்தினார்கள். மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு முஸ்லிம் வணிகரின் பணம் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்கவேண்டும்.

கப்பல் ஓட்டுவது மட்டும் அக்கம்பெனியின் நோக்கமன்று. இந்தியர்களுக்கும் பிற ஆசிய மக்களுக்கும் கப்பல் தொழிலைப் பழக்குவதும், அதற்கான கல்விக் கூடங்களும் கப்பல் கட்டும் துறைகளும் அமைப்பதும் அதன் நோக்கங்களாகவே எழுதப்பட்டிருந்தன. லாபத்தை அது வெறுக்கவில்லை. ஆனால் முதல் நாளிலேயே தன் நிய்யத்தைத் தாளில் எழுதி வைத்தது.

எதிரே நின்றது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. வாடகைக் கப்பல் கிடைக்காமல் அது தடுத்தபோது, 'காலியா', 'லாவோ' என்னும் கப்பல்கள் சொந்தமாக வாங்கப்பட்டு, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. பின்னர் ஆங்கிலக் கம்பெனி பயணிகளை இலவசமாகவே ஏற்றி, கையில் ஒரு குடையும் கொடுத்தது! 1908-இல் வ.உ.சி. கைது செய்யப்பட்டுச் சிறையில் செக்கிழுத்தார். நலிந்துபோன கம்பெனி 1911-இல் மூடப்பட்டது. எந்தக் கம்பெனியை எதிர்த்துக் கப்பல் ஓடியதோ, அதே கம்பெனிக்குக் 'காலியா' விற்கப்பட்டது.

இதில் வாங்குவோருக்கும் ஒரு பாடம் உண்டு. இலவசக் குடை கொடுப்பவர் எதற்காகக் கொடுக்கிறார் என்று கேட்கவேண்டிய பொறுப்பு பயணிக்கும் இருந்தது. விற்பவருக்கு நிய்யத் இருப்பதுபோல் வாங்குபவருக்கும் நிய்யத் உண்டு. நம் தெருவில் நேர்மையாக நிறுத்து விற்கும் சிறு கடைக்காரருக்கு நாம் என்ன செய்கிறோம்?

கணக்கேட்டின்படி அக்கம்பெனி தோற்றது. ஆயினும் நூறாண்டு கடந்தும் தமிழ் மக்கள் பெருமையோடு நினைவுகூர்வது அதனையே. இலவசக் குடை கொடுத்த கம்பெனியை அன்று.

பின்வந்தோர்

இந்த வழியில் பின்னரும் பலர் வந்தனர். தோல் வணிகர் ஜமால் முகம்மது சாகிபு, வள்ளல் காஜாமியான் ராவுத்தர் ஆகியோரின் கொடையால் 1951-இல் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரி எழுந்தது. கீழக்கரையில் 1927-இல் பிறந்த பி.எஸ்.அப்துர் ரஹ்மான் அவர்கள், வளைகுடாவில் வளர்த்த தம் நிறுவனங்களில் தமிழக இளைஞர்கள் பலருக்கு வேலை தந்தார்கள். 1984-இல் வண்டலூரில் கிரசண்ட் பொறியியல் கல்லூரியை நிறுவினார்கள். கல்லூரி கட்டியது ஈட்டிய பின் கொடுத்த கொடை. வேலை தந்ததோ ஈட்டும்போதே செய்த நன்மை. இரண்டும் வேண்டும்.

நம் கடைகளில்

கப்பல் வாங்கவும் கல்லூரி கட்டவும் எல்லோராலும் இயலாது. ஆனால் எடையில் குறைக்காமலிருக்க இயலும். தட்டுப்பாட்டுக் காலத்தில் சரக்கைப் பதுக்காமலிருக்க இயலும். கூலியைக் காலம் தாழ்த்தாமல் கொடுக்கவும், கடன்பட்டு நொந்தவருக்குத் தவணை தரவும் இயலும். இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்றைச் சிந்திப்போமாக: நம் கடையில் வேலைக்குச் சேர்ந்த பையன், பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் பொட்டலம்தான் கட்டுகிறானா? அல்லது கொள்முதலும் கணக்கும் கற்று, தனிக்கடை வைக்கும் தகுதி பெற்றுவிட்டானா? 'அவனும் எதிரே கடை போட்டுவிடுவானே' என்னும் அச்சமே பலரைத் தடுக்கிறது. ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ் என்று நாவால் கூறும் நாம், கடைக்குள் அதை நம்புகிறோமா என்பதற்கு அந்தப் பையனே சாட்சி.

வல்ல நாயன் நம் வணிகத்தில் பரக்கத்தையும், அதற்கு முன்பாக நம் நிய்யத்தில் தூய்மையையும் தந்தருள்வானாக! ஆமீன்.