பத்திரிகை தந்த படகு

1960-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சொந்தமாகப் பாய்ப்படகு வைத்திருப்பது சாதாரணச் சம்பளக்காரருக்கு எட்டாத ஆசை. 1963-இல் டெய்லி மிரர் பத்திரிகை தன் பெயரிலேயே ஒரு படகைக் கொண்டுவந்தது. விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். பணம் கட்டியவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது அளவாக அறுத்த பிளைவுட் பலகைகளும் செம்புக் கம்பியும் பிசினும் கண்ணாடி இழை நாடாவும்தான். படகாக்குவது அவர் பொறுப்பு.

மிரர் படகை உருவாக்கியவர்கள் இருவர். பாரி பக்னல், வீட்டு மராமத்தைத் தாமே செய்துகொள்ள பிபிசி தொலைக்காட்சியில் மக்களுக்குக் கற்றுக்கொடுத்தவர். ஜாக் ஹோல்ட், என்டர்பிரைஸ் போன்ற படகுகளை வரைந்து பெயர் பெற்றவர். பலகைகளைக் கம்பியால் தைக்கும் முறையை இந்தப் படகுக்குக் கொண்டுவந்தவர் பக்னல். நன்றாக ஓடும் உருவத்தை ஹோல்ட் கொடுத்தார்.

அந்தத் தையல்தான் எல்லாம். பழைய முறையில் முதலில் சட்டங்களை நிறுத்தி, அவற்றின்மேல் பலகைகளை வளைத்துப் பொருத்த வேண்டும். அதற்குத் தேர்ந்த தச்சர் வேண்டும். இங்கே பலகை ஓரங்களில் துளையிட்டு, கம்பியைக் கோத்து முறுக்கினால் போதும். வெட்டிய துணி சட்டையாவதைப் போலத் தட்டைப் பலகைகள் வளைந்து எழுந்து படகாகிவிடும். தன் கையால் படகு கட்டும் ஆசையின் ருசி முழுவதும் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது என்பேன். தாளில் கோடாக இருந்த வளைவு, விரல்களின் முறுக்குக்கு இணங்கி மரத்தில் வந்து நிற்கிறது. அதைக் கொண்டுவந்தவர் நேற்றுவரை உளி பிடிக்காத ஒருவராகக்கூட இருக்கலாம். பிறகு உள்மூட்டுகளில் நாடா பதித்துப் பிசின் பூசுவார்கள். அது இறுகியதும் வெளியே நீட்டிய கம்பிகளை வெட்டிவிட்டு, வெளிப்புறமும் நாடா ஒட்டுவார்கள்.

நீளம் 3.3 மீட்டர், எடை சுமார் 45 கிலோ. முன்புறம் கூராக இல்லாமல் மொண்ணையாக இருப்பதால், இந்தச் சின்ன நீளத்திலும் உள்ளே இடம் தாராளம். பாய்மரம் குட்டை, கழிகளெல்லாம் படகுக்குள்ளேயே அடங்கும், படகு கார் கூரையில் ஏறிவிடும். பாய், பத்திரிகையின் சிவப்பு நிறத்தில்.

இதுவரை 70,000-க்கும் மேற்பட்ட மிரர்கள் உருவாகியிருக்கின்றன. அவற்றில் ஒன்று, ஜாக் டி க்ரோ என்ற பழைய படகு. 1997-இல் சாண்டி மக்கின்னன் என்ற ஆசிரியர் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷரிலிருந்து அதில் புறப்பட்டார். குளோஸ்டர் வரை போவதுதான் திட்டம். ஆனால் படகு ஆறுகளையும் கால்வாய்களையும் தொடர்ந்து, ஆங்கிலக் கால்வாயையும் கடந்து, டான்யூப் வழியே போய்க்கொண்டே இருந்தது. சுமார் 4,900 கிலோமீட்டர் ஓடி, ருமேனியாவின் சூலினாவில் கருங்கடலைத் தொட்ட பிறகுதான் நின்றது.