தோட்டத்துக்குள் ஒரு தோட்டம்



கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், அப்புத்தளைக்கு ஏறும் வழி பிரிகிற சந்தி பெரகல. வடகீழ்ப் பருவமழை தொடங்கும் ஐப்பசி முதல் தை வரை இந்த மலைச்சரிவு மழையிலும் பனிமூட்டத்திலும் ஒடுங்கிக் கிடக்கும். மனிதர் கம்பளிக்குள் முடங்குகிற இக்காலத்தில்தான் நம் கொல்லைப்புறங்களுக்குத் தூரதேசத்து விருந்தாளிகள் வந்து சேர்கிறார்கள்.

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரிக்கும் ஆறுமணிக் குருவி அவர்களில் ஒருவர். பச்சை முதுகு, இறக்கையில் நீலத் திட்டு, வாலடியில் சிவப்பு. விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுப்பதால் வந்த பெயர் அது. காஷ்மீர் ஈப்பிடிப்பானோ, கோடையைக் காஷ்மீரத்துக் காடுகளில் கழித்துவிட்டு நமது மலைநாட்டை நாடி வருவது. உலகில் அருகிவரும் இனம். ஓடைக்கரையில் வாலை ஆட்டி நடக்கும் சாம்பல் வாலாட்டியும் வந்துபோகும் விருந்தாளிதான். பங்குனி, சித்திரையில் இவை வடக்கே திரும்பிவிடும்.

இப்பறவைகளின் கதையை எழுதியவர்கள் உண்டு. ஆங்கிலேயப் படை அதிகாரி வின்சன்ட் லெக் 1878க்கும் 1880க்கும் இடையில் இலங்கைப் பறவைகள் பற்றிப் பெருநூல் வெளியிட்டார். 1891இல் இங்குள்ள தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, கொழும்பு நூதனசாலையில் பணியாற்றிய ஜீ. எம். ஹென்றியின் கைநூல் 1955இல் வந்தது. ஆனால் இவை வந்து தங்கும் தோட்டங்களின் கதை இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை.

மலையகத்தில் ‘தோட்டம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, கம்பனியின் தேயிலைத் தோட்டம். மற்றது, வீட்டோரத்து மரக்கறித் தோட்டம். முன்னது பெருங்காட்டை அழித்து எழுந்தது. முதலில் கோப்பி, 1869இல் இலைநோய் தோன்றி அது அழிந்தபின் தேயிலை. காட்டை இழந்த பறவைகளுக்கு எஞ்சிய சோலைகளும் மரமடர்ந்த வளவுகளும் புகலிடமாயின. அப்புத்தளையில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிசம் பங்களாவின் வளவு அத்தகையது. தங்கமலைச் சரணாலயத்தை அடுத்துள்ள அது இன்று துறவிகளின் மடம். மரம் வைத்துவிட்டு அது வளரும்வரை காத்திருக்க அங்கே நிலம் சொந்தமாயிருந்தது.

லயத்தில் அப்படியா? காம்பராவுக்குப் பின்னால் கிடைத்த கையகல மண்ணில் நம்மவர் போஞ்சியும் மிளகாயும் செவ்வந்தியும் வைத்தார்கள். மாதக்கணக்கில் பலன் தருபவை அவை. பலாவோ மாவோ வைத்தால் அதன் கனியை யார் பறிப்பார் என்ற கேள்வி இருந்தது. 1948இல் பிரஜாவுரிமை பறிபோயிற்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. இத்தனை கைமாறியும் லயத்து மண் லயத்தாருக்குச் சொந்தமாகவில்லை.

ஆறுமணிக் குருவி உதிர்ந்த இலைகளைப் புரட்டிப் புழு தேடுவது. இலை உதிர மரம் வேண்டும். மரம் வளர ஆண்டுகள் வேண்டும். ஆண்டுகளை நம்பி நடுவதற்கு மண் தன்னுடையதாக இருக்கவேண்டும். ஆகவே லயத்தாரின் காணியுரிமை மனிதருக்கான நீதி மட்டுமன்று, நேயர்களே. பறவைகளுக்கும் அதில் பங்குண்டு.

அந்த நாள் வரும்வரை நம்மாலானது ஒன்றுண்டு. வேலியோரத்துச் சருகைக் கூட்டிக் கொளுத்தாமல் ஒரு மூலையில் விட்டுவையுங்கள். மாலை ஆறு மணிக்குக் காதைக் கொடுங்கள். விருந்தாளி வந்த செய்தி கேட்கும்.