உவர்மண்ணும் கோலிக்குண்டும்

சுந்தரபாண்டியம் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையின் முன் நின்று, “அண்ணாச்சி, சோடா இருக்கா?” என்று கேட்டால், கடைக்காரர் உடனே எதையும் எடுத்துத் தரமாட்டார், “எந்தச் சோடா வேணும்? குடிக்கவா, ஆப்பத்துக்கா, துணி வெளுக்கவா?” என்று நம்மையே திருப்பிக் கேட்பார். தாகம் தணிப்பதும், பலகாரத்தை உப்பச் செய்வதும், அழுக்குப் போக்குவதும் ஆகிய மூன்று வேறு காரியங்கள் ஒரே சொல்லின் நிழலில் ஒதுங்கி நிற்பதும், அச்சொல் கடல் கடந்து வந்தது என்ற நினைப்பே இல்லாமல் பாட்டிமார் முதல் பாலர் வரை அதை எடுத்தாள்வதும், நம் ஜன வாழ்க்கையின் சரித்திரத்தில் கவனிக்கத்தக்க சங்கதிகளாகும். அரசர்களின் சரித்திரத்தைக் கல்வெட்டுகள் சொல்லும். குடிகளின் சரித்திரத்தையோ கடைச் சாமான்களைக் கொண்டே நாம் ஊகித்தறிய வேண்டியிருக்கிறது.

பாண்டிய மன்னர் பலர் தாங்கிய நாமத்தையே தன் பெயராகக் கொண்ட சுந்தரபாண்டியம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்புக்கும் கிருஷ்ணன்கோவிலுக்கும் அண்மையில், தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த ஊர். ஆண்டாள் அவதரித்த ஸ்ரீவில்லிபுத்தூரும், அதற்கும் தெற்கே பஞ்சாலைகளால் பெயர் பெற்ற ராஜபாளையமும் அதற்குப் பெரிய அண்டை நகரங்கள். மலையை விட்டுக் கிழக்கே போகப் போகக் கரிசலும் உவருமாக விரிவது வானம் பார்த்த பூமி. சோடா என்னும் சொல் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே அப்பொருள் இம்மண்ணில் இருந்தது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

கோடையில் நிலத்தின் ஈரம் மேலேறி ஆவியாகிப் போனபின், தரையில் வெண்பூப் பூத்தாற்போல் படிந்து நிற்கும் உவர்மண்ணில் இருக்கும் காரம், சலவை சோடாவின் இனத்தைச் சேர்ந்ததே. சலவைத் தொழிலாளர் அம்மண்ணைச் சுரண்டி எடுத்துவந்து, நீரில் கரைத்து, அழுக்குத் துணியை அதில் முக்கிப் பிழிந்து, வெள்ளாவிப் பானையின்மேல் அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் அவியவிட்டு, விடிந்ததும் துறைக்குக் கொண்டுபோய் அடித்து வெளுத்தார்கள். களர்நிலத்தில் தோண்டிய கிணற்றில் வெளுத்த தூய ஆடையைப் புறநானூற்றுப் பாட்டொன்று குறிப்பிடுவதால், இந்நுணுக்கம் தமிழருக்குச் சங்க காலத்திலேயே கைவந்திருந்தது என்பதில் சந்தேகமில்லை.

ஐரோப்பியரும் நெடுங்காலம் இயற்கை கொடுத்ததையே நம்பியிருந்தனர். கண்ணாடிக்கும் சவுக்காரத்துக்கும் வேண்டிய சோடாவை அவர்கள் கடலோரச் செடிகளை எரித்த சாம்பலிலிருந்து எடுத்தார்கள். 1791-இல் நிக்கொலாஸ் லெப்ளான் என்ற பிரெஞ்சுக்காரர் கறியுப்பிலிருந்து சோடா செய்யும் வழியைக் கண்டு உரிமை பெற்றார்; 1860களில் பெல்ஜியத்து எர்னெஸ்ட் சால்வே, உப்புநீரும் அம்மோனியாவும் சுண்ணாம்புக் கல்லின் வாயுவும் கொண்டு அதனினும் மலிவான முறையை ஸ்தாபித்தார். இம்முறையில் முதலில் திரண்டு படிவது நம் சமையல் சோடா. அதைச் சூடேற்றினால் கிடைப்பது சலவை சோடாவின் மூலமான சோடாச் சாம்பல். ஆகவே அண்ணாச்சியின் கடையில் இரண்டு தகர டப்பாக்களில் தனித்தனியே இருக்கும் அவ்விரண்டும் உண்மையில் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். உப்பு விளையும் நம் தூத்துக்குடியிலேயே பிற்காலத்தில் சோடாச் சாம்பல் ஆலை எழுந்தது. அதற்குத் தெற்கே சாகுபுரத்தில், 1950களின் இறுதியிலேயே காஸ்டிக் சோடாத் தொழிற்சாலை வந்துவிட்டது.

இனி அடுக்களைக்குள் செல்வோம். ஆப்பமாவு பொங்கி எழுவதற்கு அதில் சிறிது கள் ஊற்றிப் புளிக்கவைப்பது பழைய வழக்கம். மதுவிலக்கு 1937-இல் சேலம் ஜில்லாவில் தொடங்கி, 1948-க்குள் சென்னை மாகாணம் முழுவதும் பரவியபோது, கள் அடுக்களையை விட்டும் விலக வேண்டியதாயிற்று. அவ்விடத்தில் இருந்து வேலை செய்யத் தகுந்த பொருள் கடையில் இருந்தது. அதற்கு ஜனங்கள் சூட்டிய ‘ஆப்ப சோடா’ என்ற பெயரே அது ஏற்றுக்கொண்ட பணிக்குச் சான்றாக நிற்கிறது. புளித்த மாவிலுள்ள அமிலத்தைத் தொட்டவுடன் அது கரியமில வாயுவை வெளியிட, அவ்வாயு மாவுக்குள் அகப்பட்டு, சூடேற ஏறப் பருத்து, ஆப்பத்தின் நடுவில் தேன்கூடு போன்ற கண்களைத் திறக்கிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எடுக்கும் ஒரு சிட்டிகையே அதற்கு அளவு. அது மீறினால் பலகாரம் மஞ்சள் பாய்ந்து சவுக்கார வாடை அடிக்கும் என்பதை, ரஸாயன சாஸ்திரம் படியாத நம் தாய்மார்கள் கை அனுபவத்தாலேயே அறிந்திருந்தார்கள்.

தறிவீட்டிலும் சோடா இனத்துக்கு இடமுண்டு. நெசவாளருக்கு நூல் கொடுக்கும் சாயப்பட்டறைகளில், துவைத்தாலும் போகாத கெட்டிச் சாயங்களைக் கரைக்கக் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸ் என்னும் ரஸாயனப் பொருளும் வேண்டும். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி வட்டாரத்தில் நெய்யப்படும் மருத்துவக் கட்டுத்துணி, தறியிலிருந்து இறங்கும்போது தண்ணீரை உறிஞ்சாது. பருத்தி இழையோடு பிறந்த மெழுகு நீரைத் தள்ளிவிடும். அத்துணியைக் காஸ்டிக் சோடா நீரில் கொதிக்கவைத்து வெளுத்த பிறகு, ஒரு துளி நீரை அதன்மேல் விட்டுப் பாருங்கள். விழுந்த கணத்திலேயே துளி மறைந்துவிடும். இவ்வாறு நீரை உறிஞ்சினால்தான் காயத்தின் கசிவையும் உறிஞ்சும். எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் ஒருவருடைய புண் உலர்வதற்கு, உவர்மண்ணின் உறவினமான இப்பொருளும் ஒரு காரணமாகிறது.

குடிக்கும் சோடாவின் வரலாறே எல்லாவற்றிலும் சுவையானது. 1767-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், மது காய்ச்சும் சாலை ஒன்றின் அண்டையில் குடியிருந்த ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் பாதிரியார், நுரைத்துப் புளிக்கும் தொட்டியின்மேல் தவழும் வாயுவில் நீரை வைத்துப் பார்த்து, அந்நீர் இனிய சுறுசுறுப்புப் பெறுவதைக் கண்டார். நம் ஆப்பமாவை எழுப்பிய அதே கரியமில வாயுதான் அங்கே பாதிரியாரின் கிண்ணத்திலும் புகுந்தது. ஜெனீவாவில் ஷ்வெப் என்பவர் 1783-இல் அதை வியாபாரமாக்கினார். வயிற்று உபாதைக்கு மருந்தாக விற்ற அக்கால நீரில் சோடா உப்பும் கரைக்கப்பட்டமையால் ‘சோடா நீர்’ என்ற பெயர் ஏற்பட்டது. பின்னர் உப்பு நீங்கி வாயு மட்டும் நின்றபோதும் பெயர் நீங்கவில்லை.

வாயுவைப் பாட்டிலுக்குள் சிறைவைப்பது சுலபமன்று. தக்கை உலர்ந்தால் வாயு கசியும். அழுத்தம் மிகுந்தால் தக்கை தெறிக்கும். 1872-இல் ஹைராம் காட் என்ற ஆங்கிலேயர், உள்ளிருக்கும் அவ்வாயுவையே தனக்குக் காவற்காரனாக்கிக்கொள்ளும் பாட்டிலுக்கு உரிமை பெற்றார். கனத்த கண்ணாடியாலான அதன் வாயின் உட்புறத்தில் ஒரு ரப்பர் வளையம். கழுத்தில் விரலால் அமுக்கியது போன்ற குழிவுகள். உள்ளே ஒரு கண்ணாடிக் குண்டு. நீர் நிரப்பிய பாட்டில்களை யந்திரக் கூண்டில் பொருத்தி, வாயுவைச் செலுத்தி, கைப்பிடியால் தலைகீழாகச் சுழற்றும்போது குண்டு வாய்க்கு இறங்கி, வாயு தள்ளும் வேகத்தில் வளையத்தோடு இறுக ஒட்டிக்கொள்ளும். பாட்டில் வெடித்துக் காயம்பட்ட தொழிலாளர்களும் உண்டு. அவர்களுடைய துணிவின்மேல் நடந்த தொழில் இது. பிறந்த நாட்டில் அப்பாட்டில் வழக்கொழிந்தது. ஜப்பானில் ‘ராமுனே’ என்ற பெயரிலும், நம் நாட்டில் கோலி சோடா என்ற பெயரிலும் அது நிலைத்துவிட்டது. மூடியும் வேண்டாம், மூடி போடும் ஆலையும் வேண்டாம், ஒரு கையால் சுழற்றும் யந்திரமும் நல்ல கிணற்று நீரும் இருந்தால் போதும் என்ற சௌகரியமே, ஊருக்கு ஒரு சோடாக் கம்பெனி தோன்றக் காரணமாயிற்று.

சுந்தரபாண்டியம் இருக்கும் இம்மாவட்டத்துக்கு அத்தொழிலில் ஒரு தனிப் பெருமையும் உண்டு. பின்னாளில் விருதுநகர் எனப் பெயர் மாறிய விருதுபட்டியில், 1916-ஆம் ஆண்டு பழனியப்ப நாடார் ஆரம்பித்த காளி மார்க் ஸ்தாபனம், ஒரு நூற்றாண்டைக் கடந்தும் நிற்கிறது. அது பிற்காலத்தில் வெளியிட்ட திராட்சை வாசனையுள்ள பொவண்டோ தமிழ்நாடெங்கும் பிரசித்தி பெற்றது. நிறமூட்டிய இனிப்புச் சோடா அனைத்தையும் ‘கலர்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பது நம் வழக்கு. வீட்டுக்கு வேண்டியவர் வந்தால், “ஓடிப்போய் ரெண்டு கலர் வாங்கிட்டு வா” என்று பிள்ளையை விரட்டுவது இப்பக்கத்து உபசாரம். பெண் பார்க்க வந்தவர்களுக்கும், மருந்து சாப்பிட்டுத் தேறியவருக்கும், வயிறு உப்புசமாய் இருக்கிறது என்றவருக்கும் முதலில் நினைவுக்கு வந்தது சோடாவே. அரசியல் மேடைகளில் இரண்டு மணி நேரம் பேசும் பிரசங்கியின் பக்கத்தில் ஒரு சோடா பாட்டில் தவறாமல் இருந்தது. கலகம் மூண்டால் அதே பாட்டில் ஆயுதமாகப் பறந்ததும் உண்மை.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று வடம் பிடித்து ஓய்ந்தவர்கள் தேரடிச் சோடாக் கடையை மொய்த்து நின்ற காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஈரச் சாக்கு போர்த்திய பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலைக் கடைக்காரர் உருவி எடுப்பார், வாயில் மரக்கட்டையை வைத்து உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்துவார், குருவி கத்தினாற்போல் ஒரு கீச்சொலி எழும், குண்டு இறங்கும், வாயில் புகை போல் ஆவி தவழும். எலுமிச்சையும் உப்பும் கேட்டவருக்கு அவை கலந்து வரும். நன்னாரி சர்பத்தோடு கேட்டவருக்கு அந்த விதமாக வரும். பாட்டிலைச் சாய்த்துக் குடிப்பதிலும் ஒரு வித்தை உண்டு: குழிவுள்ள பக்கத்தைக் கீழே பிடித்தால் குண்டு அதில் தங்கும், மறந்து திருப்பிப் பிடித்தவருடைய வாயை அது வந்து அடைத்துவிடும். குடித்து முடித்தவர் பாட்டிலைக் கொடுத்துவிட்டே நகர வேண்டும். ஏனெனில் கடைக்காரரின் மூலதனம் தண்ணீரிலோ வாயுவிலோ இல்லை, அந்தக் கண்ணாடியில்தான் இருந்தது.

கொக்கோ கோலா 1977-இல் இந்தியாவை விட்டுச் சென்று 1993-இல் திரும்பி வந்தது. அதன்பின் பெரிய ஸ்தாபனங்களின் விளம்பர பலத்துக்கும், வாங்கி எறியும் பிளாஸ்டிக் பாட்டிலின் சௌகரியத்துக்கும் ஈடுகொடுக்க முடியாமல் ஊர்ச் சோடாக் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக் கிளர்ச்சியை அடுத்து, மார்ச் முதல் தேதியிலிருந்து அந்நிய பானங்களை விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது, உள்ளூர்ச் சோடாவுக்கும் பன்னீர் சோடாவுக்கும் மறுபடி ஓர் உயிர்ப்பு வந்தது. ஆயினும் உணர்ச்சி வேகத்தில் பிழைப்பது ஒரு தொழிலுக்கு ஸ்திரமான வாழ்வாகாது.

சோடா பிறந்த இடம் எதுவானாலும், நம் அடுக்களையிலும் சாயப்பட்டறையிலும் தேரடியிலும் உழைத்ததால் அது நம்முடையதாயிற்று என்பது என் அபிப்பிராயம். அப்படி நம்மோடு உழைத்த பொருள்களுள், ஒரு குப்பையையும் மிச்சம் வைக்காமல், ஒரே பாட்டில் ஆயிரம் பேரின் தாகத்தைத் தீர்த்துவிட்டுக் கடைக்கே திரும்பும்படி அமைந்தது கோலி சோடா ஒன்றுதான். அதனைப் பழங்காலத்து விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கிவிட வேண்டாம். உங்கள் ஊரில் இன்னும் ஒரு கோலி சோடாக் கடை இருக்குமானால், அங்கே நின்று குடித்து, பாட்டிலை அண்ணாச்சியின் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.