இலங்கையில் சித்திரைப் புத்தாண்டும் அயலுறவும்

சூரியன் மீன ராசியிலிருந்து மேட ராசிக்குள் நுழையும் வேளையை ஆண்டின் தொடக்கமாகக் கொண்டு, இலங்கையில் தமிழரும் சிங்களவரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கொண்டாடும் இளவேனில் விழா சித்திரைப் புத்தாண்டு. தமிழர் இதை வருடப்பிறப்பு என்றும், சிங்களவர் அலுத் அவுருது என்றும் அழைப்பர். ஏப்ரல் 13, 14 ஆகிய இரு நாட்களும் நாடு முழுவதும் பொது விடுமுறை. குயில் கூவுவதும், முள்முருக்கு சிவந்து பூப்பதும், வேம்பு பூத்துக் கொட்டுவதும் இவ்விழா நெருங்குவதற்கான அடையாளங்கள்.

இவ்விழாவின் சடங்குகளில் பெரும்பாலானவற்றை ஒருவர் தனியாகச் செய்ய முடியாது. மருத்துநீரைத் தலையில் வைக்க மூத்தவர் ஒருவர் வேண்டும். கைவிசேஷத்துக்குக் கொடுப்பவர், வாங்குபவர் என இருவர் வேண்டும். பலகாரத் தட்டுக்கு வேலிக்கு அப்பால் ஒரு வீடு வேண்டும். எனவே இவ்விழாவின் வரலாறு, அயலில் யார் இருந்தார்கள், யார் இல்லாமற் போனார்கள் என்பதன் வரலாறாகவும் அமைகிறது.

காலக் கணிப்பு

சங்கிரமணத்தின் முன்னும் பின்னும் தமிழ்ப் பஞ்சாங்கங்கள் நான்கு நான்கு மணிநேரமாக எட்டு மணிநேரத்தை விஷு புண்ணிய காலம் என வகுக்கின்றன. சிங்களவரின் நோனகத 12 மணி 48 நிமிடம் நீள்வது. அதன் முற்பாதியில் அடுப்பு எரிவதில்லை, வேலை நடப்பதில்லை. பின்னர் குறித்த சுபவேளையில் சிங்கள வீடுகள் எல்லாம் ஒரே கணத்தில் அடுப்பு மூட்டுகின்றன. யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறு. கொக்குவிலில் அச்சாகும் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரத்தையும், திருக்கணித பஞ்சாங்கம் இன்னொரு நேரத்தையும் கூறும். ஒரே ஒழுங்கையில் அடுத்தடுத்த வீடுகளில் ஆண்டு இருமுறை பிறப்பதும் உண்டு. இதனால் யாரும் சண்டை பிடிப்பதில்லை. பலகாரம் இரண்டு தடவை வரும்.

அரண்மனையும் கோயிலும்

1660இல் திருகோணமலைக்கு அருகே கொட்டியாரத்தில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகள் சிறைக்கைதியாக வாழ்ந்த ஆங்கிலேயர் இராபர்ட் நொக்ஸ். 1681இல் வெளியான அவரது நூலில் புத்தாண்டு பற்றிய குறிப்பு உண்டு. விழா மார்ச் மாத இறுதியில் வருவதாக அவர் எழுதுகிறார். அக்கால இங்கிலாந்து பழைய யூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியதால் பத்து நாள் பின்தங்கியிருந்தது. சங்கிரமணமும் கிரெகோரியன் நாட்காட்டியில் நூற்றாண்டுகளின் ஓட்டத்தில் சிறிது சிறிதாகப் பின்னுக்குத் தள்ளிப்போவது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நொக்ஸின் மார்ச்சும் இன்றைய ஏப்ரலும் ஒன்றே.

நொக்ஸ் கண்ட புத்தாண்டு அரசனுக்கு வரி செலுத்தும் காலமாகவும் இருந்தது. அரண்மனை வாயில்கள் அலங்கரிக்கப்பட்டன, அரசன் மருந்துகளிட்டுத் தலை முழுகினான், அதன்பின் பிரதானிகள் காணிக்கைகளுடன் வந்தனர். அங்கே கொடை கீழிருந்து மேலே சென்றது.

1815இல் கண்டி பிரித்தானியர் வசமான பின்னர், படை மருத்துவராக வந்த ஜோன் டேவி 1821இல் வெளியிட்ட நூல் இதன் மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. கண்டி நாத தேவாலயத்தில் அரண்மனை வைத்தியர்களின் மேற்பார்வையில் காட்டு மூலிகைச் சாறு காய்ச்சப்பட்டு, சிறு பானைகளில் மூடி முத்திரையிடப்பட்டு, அரசனுக்கும் கோயில்களுக்கும் அனுப்பப்பட்டதாக அவர் விவரிக்கிறார். இது தமிழர் மருத்துநீருக்கு மிக அருகில் நிற்கும் வழக்கம். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, பால், கோரோசனை, மஞ்சள், மிளகு, சுக்கு முதலியவற்றை நீரில் இட்டுக் காய்ச்சுவது மருத்துநீர். கோயில்களில் குருக்கள் காய்ச்சி வைத்திருப்பதை வீட்டுக்கு ஒருவராகச் சென்று செம்பில் வாங்கி வருவர். இக்காலத்தில் செம்பின் இடத்தைப் பிளாஸ்டிக் போத்தல் பிடித்துவிட்டது. தலையில் ஓர் இலை, காலடியில் ஓர் இலை வைத்து மூத்தவர் மருத்துநீர் தேய்த்துவிட, மற்றவர்கள் நீராடுவர். எந்த இலை என்பதை அந்த ஆண்டின் பஞ்சாங்கம் சொல்லும். சிங்களவரும் புத்தாண்டு கழிந்து குறித்த நாளொன்றில் இதேபோலத் தலைக்கும் காலுக்கும் இலை வைத்து எண்ணெய் பூசுகின்றனர். யார் யாரிடமிருந்து பெற்றது என்ற விவாதம் இங்கே அதிகப் பயன் தராது. நீண்டகாலம் அடுத்தடுத்து வாழ்ந்தவர்களின் வழக்கங்கள் இப்படித்தான் ஒன்றோடொன்று கலந்திருக்கும்.

வீட்டு வாசலில்

நீராடிப் புத்தாடை அணிந்து, பொங்கிப் படைத்தபின் கைவிசேஷம் வழங்கப்படும். வெற்றிலையில் நாணயம் வைத்து மூத்தவர் இளையவருக்குக் கொடுப்பது இது. அந்த ஆண்டில் கையில் படும் முதற்பணம் என்பதால், யாருடைய கை என்பது முக்கியம். ‘நல்ல கைராசி’ உள்ளவர் என்று பெயரெடுத்த அயலவரிடம் பிள்ளைகளை அனுப்பிவைக்கும் வீடுகளும் உண்டு. சிங்களவர் இதைக் கனு தெனு என்பர். சொல்லின் நேர்ப்பொருள் ‘கொள்ளல் கொடுத்தல்’. ஆண்டு முழுவதும் முகம் பாராமல் இருந்தவர்கள்கூட அன்று வெற்றிலை நீட்டிப் பேச்சைத் தொடங்கலாம். கோபம் தணிந்ததற்குக் காரணம் சொல்லவேண்டிய தேவையை விழா நீக்கிவிடுகிறது.

பலகாரங்களில் உறவு இன்னும் தெளிவாகத் தெரியும். யாழ்ப்பாணத்துப் பயற்றம் பணியாரமும் சிங்களவரின் முங் கெவுமும் வறுத்த பயற்றமாவில் பிறந்தவை. முன்னது உருண்டை, பின்னது சாய்சதுரம். அரியதரம் சிங்களத்தில் அதிரச. கொக்கிஸ் என்ற அச்சுப் பலகாரத்தின் பெயர் ஒல்லாந்தரின் சொல்லிலிருந்து வந்தது என்பது பொதுவான கருத்து. இவற்றை வாழைப்பழத்தோடு தட்டில் அடுக்கித் துணியால் மூடி அயல் வீடுகளுக்கு அனுப்புவர். கொண்டு செல்வது பெரும்பாலும் சிறுவர்கள். தட்டு வெறுமையாகத் திரும்புவதில்லை. அந்த வீட்டுப் பலகாரமோ, பழமோ, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியோ வைத்துத்தான் அனுப்புவர். முஸ்லிம் அயலவரின் வட்டிலப்பமும் கிறிஸ்தவ அயலவரின் நத்தார்க் கேக்கும் அவரவர் பெருநாட்களில் இதே வழியில் வந்து சேரும்.

இறப்பு நிகழ்ந்த வீட்டைப் பற்றிய வழக்கத்தை இங்கே தனியாகக் குறிப்பிட வேண்டும். ஆண்டுத் திவசம் முடியும்வரை அந்த வீட்டில் பலகாரம் சுடுவதில்லை. ஆனால் அயல் வீடுகளிலிருந்து தட்டுகள் வரும், அந்த ஒரு தடவை பதிலுக்கு எதுவும் எதிர்பார்க்கப்படுவதில்லை. விழா கொண்டாட முடியாதவரின் விழாவை அயலவர் தாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது.

தட்டுச் செல்லாத வீடுகள்

இந்த அயலுறவைக் குறையில்லாத ஒன்றாக எழுதிவிட முடியாது. யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பில் சமைத்த உணவு எல்லா வேலிகளையும் தாண்டவில்லை. குடிமைத் தொழில் செய்தோருக்குப் புத்தாண்டில் அரிசியும் துணியும் காசும் கிடைத்தன. அவர்கள் அவற்றைப் பின்வாசலில் நின்று பெற்றனர், அவர்கள் வீட்டுப் பலகாரம் எதிர்த்திசையில் ஏற்கப்படவில்லை. மருத்துநீர் காய்ச்சப்பட்ட பல கோயில்களின் உள்ளே நுழைய ஒரு பகுதியினருக்கு உரிமையே இருக்கவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் முன் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் இந்தக் கதவைத் தட்டிய நிகழ்வுகளில் ஒன்று. திரும்பிவராத தட்டைப் பரிமாற்றம் என்று சொல்ல இயலாது. அது கண்டி அரண்மனையின் மேல்கீழ் ஒழுங்கை ஊர் அளவில் திரும்பச் செய்தது.

விளையாட்டு

புத்தாண்டின் பிற்பகல் விளையாட்டுகளுக்கு உரியது. மரத்தில் ஊஞ்சல் கட்டுவர். வலிகாமத்திலும் வன்னியிலும் மாட்டு வண்டிச் சவாரி நடக்கும். வாசிகசாலையும் சிறிய திடலும் கொண்ட சனசமூக நிலையங்கள் கிராமந்தோறும் கயிறு இழுத்தல், வழுக்கு மரம், முட்டி உடைத்தல், தலையணைச் சண்டை, கண்ணைக் கட்டிக்கொண்டு யானைக்குக் கண் வைத்தல் எனப் போட்டிகளை ஒழுங்கு செய்யும். இதே பட்டியலைத் தெற்கின் அவுருது விழாக்களிலும் காணலாம்.

போர்த்தேங்காய் இன்னும் பழைமையானது. ஒருவர் வைத்த தேங்காயின் மேல் மற்றவர் தன் தேங்காயால் அடிப்பார், உடைந்த காய்க்குரியவர் தோற்றவர். தடித்த சிரட்டையுள்ள காயைத் தட்டிப் பார்த்துத் தெரிவு செய்வதில் தனித் தேர்ச்சி பெற்றவர்கள் உண்டு. மட்டக்களப்புப் பகுதியில் கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்த கொம்புமுறி விளையாட்டில் இது ஓர் அங்கம். ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த இரு கொம்புகளைக் கொளுவிக் கயிறு கட்டி, ஒன்று முறியும்வரை இரு சாராரும் இழுப்பர். ஒருவரை ஒருவர் வசைபாடவும் அனுமதி உண்டு. சிங்களவர் பத்தினித் தெய்வத்துக்குச் செய்யும் அங்கெலியவிலும் தேங்காய்ப் போர், இரு கட்சி, கோவலன் பத்தினி என்ற அதே அமைப்பு. இவை புத்தாண்டுக்கே உரியவை அல்ல, ஊரின் நோயும் வறட்சியும் நீங்கச் செய்யப்பட்டவை. ஆயினும் ஊரை இரண்டாக்கிச் சண்டையிட்டு மீண்டும் ஒன்றாக்கும் இந்த விளையாட்டு, பகையைப் பற்றி அக்கிராமங்கள் எவ்வளவு கவனமாக யோசித்திருந்தன என்பதைக் காட்டுகிறது.

அயல் கலைந்த ஆண்டுகள்

உண்மையான பகைக்கு அத்தகைய வரம்பு இருக்கவில்லை. 1983 ஜூலை வன்முறையில் கொழும்பில் வந்த கும்பல்கள் தமிழர் வீடுகளை அடையாளம் காண வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்திருந்தன. அடுத்த வீட்டுச் சிங்களவருக்கு அந்தப் பட்டியல் தேவைப்படவில்லை. அவர்களில் பலர் தமிழ்க் குடும்பங்களைத் தம் வீட்டு அறைகளில் ஒளித்துக் காத்தனர். எல்லோரும் அப்படிச் செய்யவில்லை.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைச் சில மணிநேர அவகாசத்தில் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். வடக்கின் மற்ற மாவட்டங்களின் முஸ்லிம்களும் அதே மாதத்தில் வெளியேற்றப்பட்டனர். சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, படையினரின் முன்னேற்றத்தின்போது வலிகாமத்துத் தமிழர் பல இலட்சம் பேர் வீடுகளை விட்டுத் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தனர். 1996ஆம் ஆண்டின் சித்திரைப் புத்தாண்டு அவர்களுக்கு உறவினர் திண்ணைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் மரநிழல்களிலும் பிறந்தது. அடுத்த வாரத்தில் தென்மராட்சியும் படையினர் வசமாக, மக்கள் மீண்டும் வலிகாமத்துக்குத் திரும்பத் தொடங்கினர். திரும்பாத வீடுகளும் இருந்தன. வேலிக்கு அப்பாலுள்ள வீட்டில் ஆளில்லை என்றால் தட்டை யாருக்கு அனுப்புவது என்பது அந்த ஆண்டுகளில் உவமை அல்ல, நடைமுறைக் கேள்வி.

விழா அமைதியோடு சேர்ந்து வந்த ஆண்டுகளும் உண்டு. போர்நிறுத்தத்தின் பயனாக 2002 ஏப்ரல் 8ஆம் திகதி யாழ்ப்பாணத்துக்கான ஏ9 வீதி திறக்கப்பட்டது. ஒரு வாரத்துக்குள் புத்தாண்டு. நீண்ட காலம் கடலாலும் வானாலும் மட்டுமே அடையக்கூடியதாக இருந்த ஊருக்குத் தரைவழியாக உறவினர் வந்து சேர்ந்தனர். ஏழு ஆண்டுகளின் பின், 2009இல், புத்தாண்டை முன்னிட்டு 48 மணிநேரம் தாக்குதல் நடவடிக்கைகளை நிறுத்துவதாக அரசு அறிவித்தபோது, முல்லைத்தீவின் ஒடுங்கிய கடற்கரையில் மக்கள் பதுங்கு குழிகளில் இருந்தனர். அடுத்த மாதம் போர் முடிந்தது. துடக்கு வீட்டுக்கு அயலவர் பலகாரம் கொடுக்கும் வழக்கம், சுற்றிலும் துடக்கில்லாத வீடுகள் இருக்கும் என்ற எண்ணத்தில் உருவானது. 2010ஆம் ஆண்டுச் சித்திரையில் முள்வேலி முகாம்களிலும் மீள்குடியேறிய ஒழுங்கைகளிலும் அந்த எண்ணம் பொருந்தவில்லை.

2009க்குப் பின்

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் வடக்கில் படையினரும் புத்தாண்டு விளையாட்டு விழாக்களை நடத்தினர். மேடைகளில் இன ஒற்றுமை பற்றிப் பேசப்பட்டது. காணி திரும்பக் கிடைக்காதவருக்கு வழுக்கு மரத்தின் உச்சியிலிருந்த பரிசு பெரிய ஆறுதலாக இருந்திருக்காது. ஒழுங்கு செய்து கொடுக்கப்பட்ட விழாவுக்கும் ஊர் தானாகக் கூட்டிய விழாவுக்கும் உள்ள வேறுபாட்டை, வெற்றிலை நீட்டும் கையை வைத்தே மக்கள் அறிவர்.

2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கு வந்தபோது நாடு முழுவதும் ஒரே தடவையில் வாசல்கள் மூடப்பட்டன. அடுப்பு குறித்த நேரத்தில் எரிந்தது, தட்டுகள் வீட்டுக்குள்ளேயே இருந்தன.

2022இல் நிலைமை தலைகீழ். பொருளாதார நெருக்கடியில் சமையல் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் வரிசையில் நின்றனர். ஏப்ரல் 9ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் சனாதிபதி பதவி விலகக் கோரித் தொடங்கிய போராட்டம் ஐந்து நாட்களில் புத்தாண்டைச் சந்தித்தது. முன்பின் அறியாதவர்கள் சனாதிபதி செயலகத்தின் எதிரே அடுப்பு மூட்டிப் பாற்சோறு பொங்கிப் பகிர்ந்தனர். அது நோன்பு மாதம். மாலையில் அதே திடலில் முஸ்லிம்கள் நோன்பு திறந்தபோது மற்றவர்களும் உடன் அமர்ந்தனர். மறுநாள் பெரிய வெள்ளி. வீட்டில் எரிவாயு தீர்ந்தவர்களும், மூன்று ஆண்டுகளுக்கு முன் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலில் உறவுகளை இழந்தவர்களுக்காக நீதி கேட்டு வந்தவர்களும், காணாமற்போனோரின் படங்களை ஏந்தியவர்களும் அந்தத் திடலில் சில வாரங்கள் ஒருவருக்கொருவர் அயலவராக இருந்தனர்.