குடி, குடிசை, குடிநீர்

'மக்கள் பங்கேற்பு' என்கிற சொல்லை இன்று அரசும் உலக வங்கியும் தொண்டு நிறுவனங்களும் ஒரே குரலில் சொல்கின்றன. எந்த மக்கள், எதில் பங்கு என்பதை ஆம்பூர்ப் பக்கம் வைத்துக் கேட்டுப் பார்க்கலாம்.

1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. தோல் ஷாப்புக் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ கெட்டிருப்பதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு சொல்லியது. 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்பது நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. 2001இல் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் என்று கணக்காயிற்று. பாக்கியைக் கொடுத்துத் தீருங்கள் என்று 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

இதை வெற்றி என்றே நினைக்கிறேன். ஆனால் சேதம் ஹெக்டேரில் அளக்கப்பட்டிருக்கிறது. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கிக் கூலி வாங்கி, புறம்போக்கில் குடிசை போட்டவரின் சேதத்தை எந்த அளவுகோலால் அளப்பது? ஷாப்பு ஓடினால் தண்ணி போச்சு, மூடினால் சோறு போச்சு. 'குடிமக்கள்' என்ற சொல்லுக்குள் இவர் நுழைய முடிவதில்லை.

நான் வளர்ந்தது அப்படியொரு தெருவில். கைபம்புத் தண்ணியை வாயில் வைக்க முடியாது, உப்பு. குழாய் கேட்டு எங்கம்மாவும் தெருப் பெண்களும் மனு கொண்டு போனார்கள். "பட்டா இருக்காம்மா?" என்பதுதான் பதில். கடைசியில் வீட்டுக்கு இவ்வளவு என்று காசு போட்டு, பள்ளத்தையும் அவர்களே தோண்டிய பிறகு ஒரு குழாய் வந்தது. அதைத்தான் பின்னால் 'மக்கள் பங்கேற்பு' என்று எழுதிக்கொண்டார்கள். குழாய் எங்கே நிற்கணும், எத்தனை மணிக்குத் தண்ணி விடணும் என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. பங்கேற்றது உடம்பு, முடிவு அல்ல.

1970இல் தொடங்கிய வாரியத்துக்கு ஆங்கிலப் பெயரில் 'கிளியரன்ஸ்', தமிழில் 'மாற்று'. 1971ஆம் ஆண்டுச் சட்டம் மேம்படுத்தல், அகற்றல் இரண்டையும் ஒரே தலைப்பில் வைத்தது. எது குடிசைப்பகுதி என்று அரசு அறிவிக்க வேண்டும். அறிவிக்காத குடிசை அந்தச் சட்டத்தின் கண்ணில் படாது. 2021இல் வாரியத்தின் பெயரிலிருந்து 'குடிசை'யும் போய் 'வாழ்விடம்' வந்தது. பெயர் மாறியதால் பட்டா வந்துவிடாது.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. திருச்சி கல்மந்தையில் பொதுக் கழிப்பறையைப் பெண்கள் குழுவே நடத்தியது. கட்டணம், கணக்கு, சுத்தம் எல்லாம் அவர்கள் கையில். திறந்தவெளியில் மலம் கழிப்பது ஒழிந்த பகுதி என்று 2002இல் அது அறிவிக்கப்பட்டது. கழிப்பறை கட்டுவதும் அரசின் கடமையை மக்கள் தலையில் ஏற்றுவதும் ஒன்றாகிவிடும் ஆபத்து அங்கேயும் உண்டு. ஆனாலும் கணக்கு நோட்டு யார் கையில் என்பது சின்ன விஷயமில்லை.

பாலாற்றங்கரை ஊர்களுக்கு இன்று மேட்டூரிலிருந்து காவிரி வருகிறது. பக்கத்து ஆற்றைக் கெடுத்துவிட்டுத் தூரத்து ஆற்றைக் கூப்பிட்டிருக்கிறோம். அந்தக் குழாய் பட்டா கேட்காமல் எந்தத் தெரு வரைக்கும் போகும் என்று முடிவு செய்கிற இடத்தில் எங்கம்மா மாதிரி ஒருத்தி உட்கார்ந்திருந்தால், அன்றைக்கு அதைப் பங்கேற்பு என்று நானும் சொல்லுவேன்.