குதிரைத்திறனும் விதிநூலும்: அவுட்போர்டு படகுப் பந்தயத்தில் மெர்க்குரி – ஓ.எம்.சி. மோதல்

படகின் பின்பலகையில் மாட்டி, வேலை முடிந்ததும் கழற்றி எடுத்துப்போகக்கூடிய எஞ்சின் அவுட்போர்டு. இந்த எஞ்சின்களின் பந்தயக் களத்தில் இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் பல பத்தாண்டுகள் மோதின. ஒன்று, எவின்ரூட், ஜான்சன் என்ற இரு பெயர்களில் எஞ்சின் விற்ற அவுட்போர்டு மரீன் கார்ப்பரேஷன், சுருக்கமாக ஓ.எம்.சி. மற்றொன்று மெர்க்குரி. யார் வேகம் என்று தொடங்கிய இந்தப் போட்டி, எந்த எஞ்சினை எந்தப் பிரிவில் அனுமதிப்பது என்ற வழக்காக மாறி, கடைசியில் உலகப் போட்டியையே இரண்டாகப் பிளந்தது.

நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் தொழில் நடத்திய ஓலே எவின்ரூட், 1909-இல் தம் அவுட்போர்டு மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1914-இல் நிறுவனத்திலிருந்து விலகி, 1921-இல் எல்டோ என்ற பெயரில் இலகுவான புது மோட்டாருடன் திரும்பினார். இதற்குள் ஜான்சன் சகோதரர்களும் களத்தில் இறங்கியிருந்தார்கள். 1920களின் நடுவில் ஜான்சன் வெளியிட்ட வலுவான மோட்டார்கள், சிறு படகைத் தண்ணீரைக் கிழித்துச் செல்லவிடாமல் நீர்ப்பரப்பின் மேல் வழுக்கி ஓடச் செய்தன. அவுட்போர்டு பந்தயம் மக்களைக் கவர்ந்தது அதன் பிறகுதான். எல்டோ 1928-இல் நான்கு சிலிண்டர் எஞ்சினுடன் பதிலடி கொடுத்தது. ஆனால் பெருமந்தத்தில் நொடித்த ஜான்சன் நிறுவனத்தை 1930களின் நடுவில் எவின்ரூட் தரப்பே வாங்கிவிட்டது. பழைய எதிரிகள் பின்னர் ஓ.எம்.சி. ஆன ஒரே கூரையின்கீழ் வந்தபின், பந்தயத்துக்காகப் பணத்தைக் கொட்டும் அவசியம் அவர்களுக்கு இல்லாமல் போனது.

அந்த வெற்றிடத்தை நிரப்பியவர் கார்ல் கீக்ஹேஃபர். 1939-இல் விஸ்கான்சின் மாநிலத்துச் சீடர்பர்க் ஊரில் அவர் வாங்கிய தொழிற்சாலையில், மான்ட்கோமரி வார்ட் என்ற வணிக நிறுவனம் பழுதென்று திருப்பியனுப்பிய சுமார் 300 அவுட்போர்டு மோட்டார்கள் கிடந்தன. அவற்றைச் சீர்செய்து விற்றதிலிருந்து பிறந்தது மெர்க்குரி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, கடையில் விற்கும் எஞ்சினையே பெரிதாக மாற்றாமல் ஓட்டும் 'ஸ்டாக்' பிரிவுகள் செல்வாக்குப் பெற்றன. இவற்றில் வென்ற எஞ்சினை மறுநாளே வாடிக்கையாளர் கடையில் கேட்பார் என்பதைக் கீக்ஹேஃபர் நன்கு அறிந்திருந்தார். கியர் மாற்றும் அமைப்பைக் களைந்து, தண்ணீரின் எதிர்ப்பைக் குறைக்கும்படி மெலிதாக வடித்த 'குவிக்சில்வர்' என்ற அடிப்பகுதியைப் பந்தயக்காரர்களுக்கென்றே விற்றார். ஓ.எம்.சி. ஒதுங்கி நின்ற காலத்தில் வெற்றிகளெல்லாம் மெர்க்குரியின் விளம்பரங்களுக்கு உரமாயின.

ஒற்றர் பயமும் இந்தப் பகையின் ஒரு பகுதி. 1957-இல் கீக்ஹேஃபர் ஃபுளோரிடாவில் ஓர் ஏரியைச் சோதனைக்களமாக்கி, இருப்பிடம் வெளியே தெரியாதிருக்க 'லேக் எக்ஸ்' என்று பெயரிட்டார். புதிய ஆறு சிலிண்டர், 60 குதிரைத்திறன் எஞ்சின்களை அங்கே இரவும் பகலும் 50,000 மைல் ஓடவிட்டு, அவற்றின் உழைப்பை வெளியாரின் மேற்பார்வையில் நிறுவிக்காட்டினார்.

ஓ.எம்.சி. 1958-இல் 50 குதிரைத்திறன் வி-4 எஞ்சினை வெளியிட்டு மீண்டும் களமிறங்கியது. முதல் சண்டை வேகச் சாதனைக்காக நடந்தது. 1958-இல் மெர்க்குரி எஞ்சினுடன் மணிக்கு 107.8 மைல் வேகத்தில் ஓடியவர் ஹியூபர்ட் என்ட்ராப். அவரையே எவின்ரூட் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. 1960-இல் அவர் எவின்ரூட்டின் 'ஸ்டார்ஃபிளைட்' படகில் 114 மைலைக் கடந்தார். மெர்க்குரி 115-ஐத் தாண்டியது. அதே ஆண்டு என்ட்ராப் கிட்டத்தட்ட 123 மைலை எட்டினார். ஓட்டுநரை விலைக்கு வாங்குவதும் எஞ்சினைப் பெருக்குவதும் அன்றுமுதல் ஒரே உத்தியின் இரு கைகளாயின.

சாதனையைவிட நெடுந்தூரப் பந்தயமே விற்பனைக்கு உதவும் என்பதால் பாரிசின் செய்ன் நதியில் 1955 முதல் நடந்த ஆறு மணிப் பந்தயமும், 1964-இல் அரிசோனாவின் ஹவாசு ஏரியில் தொடங்கிய அவுட்போர்டு உலகப் போட்டியும் இரு அணிகளின் பெருங்களங்களாயின. இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் மொலினாரி குடும்பம் செம்மைப்படுத்திய டனல் படகு வேகத்தை மேலும் ஏற்றியது. இரு ஓரங்களிலும் மிதவை, நடுவே குகைபோன்ற வெளி என்ற இதன் அமைப்பில், வெளியினுள் புகும் காற்றே படகைத் தூக்கிப் பிடிக்கும். இந்தத் தூக்குவிசை மிகுந்தால் மூக்கு மேலெழும்பிப் படகு பின்புறமாகக் கவிழும் ஆபத்தும் உடன் வந்தது.

இந்தக் கட்டத்தில் வழக்கு விதிநூலுக்குப் போனது. 1970களின் முற்பகுதியில் ஓ.எம்.சி. நான்கு சுழலிகள் கொண்ட வான்கெல் எஞ்சினைப் பந்தயத்துக்கு இறக்கியது. பிஸ்டனே இல்லாத எஞ்சினின் கொள்ளளவை எப்படிக் கணக்கிடுவது என்பதே அப்போது விவாதத்துக்குரியது. 1976-இல் இரு நிறுவனங்களும் வி-6 எஞ்சின்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. மெர்க்குரியின் கொள்ளளவு ஏறத்தாழ 2 லிட்டர், ஓ.எம்.சி.யினுடையது சுமார் 2.4 லிட்டர். சர்வதேச விசைப்படகு ஒன்றியத்தின் பிரிவுகளில் 'ஓ.என்.' 2 லிட்டர் வரம்புடையது, 'ஓ.இசட்.' வரம்பற்றது. ஆகவே வரம்பை எங்கே இடுவது என்ற கேள்விக்கான விடை, எந்த நிறுவனம் வெல்லும் என்பதையும் சேர்த்தே தீர்மானித்தது.

1980களின் தொடக்கத்தில் ஓ.எம்.சி. 3.5 லிட்டர் வி-8 பந்தய எஞ்சினைக் கொண்டுவர, பிளவு வெளிப்படையானது. அதற்கு ஈடாக ஒரு பெரிய எஞ்சினை உருவாக்கும் செலவில் மெர்க்குரி இறங்கவில்லை. தன் ஆதரவை 2 லிட்டர் பிரிவின் பக்கம் திருப்பியது. அந்தப் பிரிவின் ஓட்டுநர்கள் ஃபோண்டா என்ற சங்கமாகத் திரண்டனர். 'ஃபார்முலா ஒன்' என்ற பெயர் எங்களுக்கே என்று இரு தரப்பும் உரிமை கோரின. 1981-இல் ஒன்றியம் அதை வரம்பற்ற பிரிவுக்கு அளித்தது. முதல் சாம்பியன் ரெனாட்டோ மொலினாரி. 2 லிட்டர் அணியினர் தங்கள் தொடரைத் தனியே நடத்தினர்.

வேகத்துக்கான விலை விரைவில் தெரிந்தது. 1984-இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் பிரிட்டிஷ் ஓட்டுநர் டாம் பெர்சிவல் உயிரிழந்தார். ஓட்டுநரைச் சுற்றி வலுவான பாதுகாப்புக் கூடு அமைக்கும் முறை இக்காலத்தில்தான் பரவத் தொடங்கியது. ஆனாலும் புரவலர்கள் விலக, எஞ்சின்களின் செலவும் கூட, வி-8 தொடர் 1986-க்குப் பின் உலக அரங்கில் தளர்ந்தது. 1990-இல் 'ஃபார்முலா ஒன்' என்ற பெயர் 2 லிட்டர் பிரிவுக்கே வந்து சேர்ந்தது.

வேகச் சாதனை மட்டும் ஓ.எம்.சி. வசமே இருந்தது: 1989-இல் அதன் எஞ்சினுடன் பாப் வார்டிங்கர் மணிக்கு 176.556 மைல், அதாவது சுமார் 284 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினார். 2000-ஆம் ஆண்டின் இறுதியில் ஓ.எம்.சி. திவாலானது. அதன் எவின்ரூட், ஜான்சன் பெயர்களைக் கனடாவின் பொம்பார்டியர் வாங்கியது. எவின்ரூட் உற்பத்தி 2020-இல் நின்றது. ஃபார்முலா ஒன் படகுகளின் பின்பலகையிலோ பெரும்பாலும் மெர்க்குரியின் வி-6 எஞ்சின்களே தொடர்ந்தன.